துவர்ச்சுவையும் எயிற்று நலனும்

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு எனச் சுவை ஆறு என்பது பண்டு தொட்டு வரும் கணக்கு. இவற்றுள் இனிப்பைப் பாடாத புலவர் இலர். புளிப்பும் கார்ப்பும் உணவைப் பேசுமிடமெல்லாம் இடம் பெற்றன. கைப்புக்கும் வேம்பின் வழியாக ஒரு சிறப்பு வாய்த்தது. துவர்ப்பு ஒன்றே பெரிதும் பேசப்படாத சுவையாக நின்றுவிட்டது. ஆயினும், வாய் நலனின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடவேண்டிய சுவை துவர்ப்பே ஆகும்.

நெல்லி, கடுக்காய், தான்றி, நாவல், மாதுளை, பாக்கு என வெப்ப நிலத்து மரங்கள் தந்த காய்கனிகள் பலவும் துவர்ப்புடையன. அத்துவர்ப்புப் பல்லிலும் ஈறிலும் என்ன செய்கிறது? அதனை முன்னோர் எவ்வளவு அறிந்திருந்தனர்? ஆய்வுக்கூடம் அதில் எவ்வளவை உறுதி செய்துள்ளது? இம்மூன்று வினாக்களும் தனித்தனியே வைத்துக் காணத்தக்கவை. ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொண்டமையால், பழம்பெருமை பேசுவோரும் பழமையைப் பழிப்போரும் ஒருங்கே இடறியுள்ளனர்.

பாட்டில் நெல்லி

சங்கப் புலவர்க்குப் பல் என்பது பெரும்பாலும் அழகின் உறுப்பு. முல்லை அரும்பாகவும் முத்தாகவும் அது காட்சி தரும். இம்மரபிலிருந்து சற்றே விலகி, பல்லையும் காயையும் ஒரே தொடரில் வைத்துக் காட்டுவது குறுந்தொகையின் 262ஆம் பாட்டு. பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. தலைவனோடு உடன்போக்குக்கு இசைந்த தலைவி, நெல்லிக்காயைத் தின்ற தன் பற்கள் விளங்க, மலைச்சாரலில் களிற்றின் அடிச்சுவட்டில் தேங்கிய நீரை அவனோடு உண்ண விரும்புகிறாள். தாயின் காவலும் ஊரின் அலரும் பின்னால் கிடக்கின்றன. முன்னால் இருப்பது சிறுகாயும் சிறிது நீருமே.

நெல்லி தின்றபின் குடிக்கும் நீர் இனிக்கும் என்பது இன்றும் சிறுவர் அறிந்த செய்தி. இயற்கையான இச்சுவை மாற்றத்தை அறிந்த ஒருவரே, யானை அடியில் நின்ற நீரைக் காதலுக்கு ஏற்ற நீராக அமைத்துப் பாடியிருத்தல் கூடும். எனவே இப்பாட்டு, வாயில் நெல்லி நிகழ்த்தும் ஒன்றைக் கூர்ந்து கண்டதற்குச் சான்று. பல்நோய் தீர்க்கும் மருந்தாக நெல்லி கருதப்பட்டதற்கு இப்பாட்டில் சான்று இல்லை. அதியமான் ஒளவைக்கு ஈந்த நெல்லியும் அத்தகையதே. புறநானூற்றின் 91ஆம் பாட்டு பேசுவது நீண்ட வாழ்நாளைத் தரும் கனியையும் அதனைத் தான் உண்ணாது ஈந்த மன்னனின் பெருந்தகைமையையும் பற்றி. பாட்டு எதைச் சொல்கிறதோ அதை மட்டும் அதன் சான்றாகக் கொள்வது, பாட்டுக்குச் செய்யும் முதல் மரியாதை.

பல் துலக்கும் வழக்கத்திற்கு நேரான சான்று பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவையில் உண்டு. வைகறையில் எழுதலைக் கூறும் அந்நூல், கோல் கொண்டு பல் துலக்கிக் கண் கழுவித் தெய்வம் தொழுதலையும் நாட்கடனாக விதிக்கிறது. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதையும் பற்குச்சிகளைச் சுவைவழி வகுத்து, கைப்புக்கு வேம்பும் துவர்ப்புக்குக் கருங்காலியும் சிறந்தவை என்கிறது. ஆகவே இவ்வழக்கம் ஒரு மொழியினர்க்கு மட்டும் உரியதன்று. பரந்த நிலப்பரப்பில் பலரும் பகிர்ந்துகொண்ட பட்டறிவு அது. குச்சி எதுவாயினும் அதன் சுவையை நோக்கியே தேர்ந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கருவி வேறு இல்லாத காலத்தில் நாவே சோதனைக் கருவியாக இருந்தது.

பத்துத் துவர்

துவர் என்னும் சொல் சுவையை மட்டும் குறிப்பதன்று. செந்நிறமும் துவர், பவளமும் துவர். சம்பந்தர் தேவாரத்தில் பௌத்தத் துறவியரின் காவியுடை துவராடை எனப்படும். மரப்பட்டையும் காயும் ஊறிய நீர் துணிக்குச் செம்மை ஏற்றும். அதே நீர் நாவில் பட்டால் நாவைச் சுருக்கும். சாயமும் சுவையும் ஒரு பொருளின் இரு செயல்கள் என்பதை இச்சொல் தன்னுள் அடக்கி வைத்துள்ளது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியது எனப்படும். அப்பத்துத் துவர் எவை என உரை விரிக்கிறது: பூவந்தி, திரிபலை எனப்படும் கடுக்காய் நெல்லி தான்றி மூன்று, கருங்காலி, நாவல், நாற்பால் மரங்களாகிய ஆல் அரசு அத்தி இத்தி. உ.வே. சாமிநாதையர் 1892இல் இக்காப்பியத்தை உரையுடன் பதிப்பித்திராவிடில் இப்பட்டியல் இத்துணை எளிதாக இன்று கைக்கு எட்டியிராது. இது நீராட்டுக்கு உரிய பட்டியலேயன்றிப் பல்லுக்கு உரியதன்று. எனினும் பல் துலக்கும் ஆலும் கருங்காலியும், வாய் கொப்பளிக்கும் திரிபலையும் இங்கு ஒரே தொகுதியாக நிற்கின்றன. தாவரவியல் நோக்கில் இம்மரங்கள் வெவ்வேறு குடும்பத்தன. அவற்றை ஒன்று சேர்த்தது நா அறிந்த துவர்ப்பு மட்டுமே.

அத்தொகுப்புப் பிழையானதன்று என்பதை வேதியியல் காட்டிற்று. இத்துவர்ப்புக்கு முதன்மைக் காரணம் டானின் எனப்படும் பொருட்கள். அவை புரதத்தோடு பிணைந்து அதனை இறுக்குவன. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதனிட்ட தொழில் இப்பிணைப்பையே அடிப்படையாகக் கொண்டது. கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதி சேர எழுதும் மை கிடைத்தது. துவர்ப்பைச் சுவைக்கும்போது வாய் வறண்டு சுருங்குவதாகத் தோன்றுவதும், உமிழ்நீரின் புரதங்களை டானின் பற்றிக்கொள்வதாலேயே. பதனிடுவோன் தொட்டியில் நிகழ்வதன் சிறு வடிவமே நாவில் நிகழ்கிறது.

நுண்ணுயிரைக் கண்ட கதை

பல்லைக் கெடுப்பது எது என்னும் வினாவிற்கு நெடுங்காலம் பல நாட்டினரும் கூறிய விடை புழு என்பது. உண்மையில் வாயில் வாழும் உயிர்களைக் கண்டவர் ஆலந்து நாட்டின் டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டன் வான் லீவன்ஹுக். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையில், தம் பல்லிடுக்கில் படிந்த வெண்மாசை வைத்துப் பார்த்து, அதில் துள்ளித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1683ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாளிட்டு இலண்டன் அரசு கழகத்திற்கு அவர் எழுதிய மடலில் அச்செய்தி உள்ளது. நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்குபவர் அவர். அவர் வாயிலேயே அத்துணை உயிர்கள் இருந்தன.

அவர் செய்த மற்றொரு சோதனை இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. கடுமையான திராட்சைக் காடியை வாயிலிட்டுக் கொப்பளித்தார். பின்னர் மாசை எடுத்துப் பார்த்தபோது உயிர்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. ஆனால் வெளியே எடுத்த மாசோடு காடியைக் கலந்தபோது அவை உடனே மடிந்தன. காடி, படிந்த மாசின் உள்ளே புகவில்லை. மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது என அவர் முடிவு செய்தார். கனியிலிருந்து பெற்ற ஒரு பொருளை வாய் நுண்ணுயிர் மீது இட்டுப் பார்த்த தொடக்கச் சோதனைகளுள் ஒன்று இது. கண்ணாடியில் வெல்லும் மருந்து வாயில் வெல்லாமற் போகலாம் என்னும் எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது.

நோயின் வழி தெளிவாக இருநூறு ஆண்டுகள் ஆயின. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல்மருத்துவர் வில்லோபி மில்லர் 1890இல் வெளியிட்ட நூலில், வாய் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன, அவ்வமிலமே பல்லை அரிக்கிறது என நிறுவினார். இலண்டனில் கில்லியன் கிளார்க் 1924இல் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அமிலநிலைக்கேற்ப வடிவம் மாறுவது கண்டு அதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். நுண்ணுயிர் சிறிதும் இல்லாது வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவு கொடுத்தும் சொத்தை விழவில்லை என்பதை 1954இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். சொத்தை ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிர்க்குத் தொற்றும் என்பதை 1960இல் பால் கீஸ் வெள்ளெலிகளைக் கொண்டு விளக்கினார்.

இந்நுண்ணுயிர் சர்க்கரையிலிருந்து ஒரு பசையையும் ஆக்குகிறது. பசையால் பல்லில் ஒட்டிப் படலமாகிறது. படலத்தினுள் அமிலம் சேர்ந்து, அமில அளவு 5.5க்குக் கீழ் இறங்கும்போது பல்லின் மேலோடு கரையத் தொடங்குகிறது. இதனை எதிர்ப்பது உமிழ்நீர். அது அமிலத்தை அடக்கி, கரைந்த சுண்ணச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தில் காதலியின் எயிற்றில் ஊறிய நீரைப் பாலும் தேனும் கலந்த கலவைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். உவமை சுவை பற்றியது. பல்லின் காவலன் அந்நீரே என்பது பின்வந்தோர் கண்டறிந்தது.

ஆய்வுக்கூடத்தில் கடுக்காய்

நுண்ணுயிரின் மூன்று செயல்கள் தெரிந்தபின், காய்களைச் சோதிக்கும் வழியும் தெளிந்தது. சாறு அதன் பெருக்கத்தைத் தடுக்கிறதா? பல்லில் ஒட்டுவதைத் தடுக்கிறதா? அமிலம் ஆக்குவதைத் தடுக்கிறதா? கடுக்காயின் நீர்ச்சாற்றைக் கொண்டு மும்பை ஆய்வாளர் இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸின் பெருக்கத்தையும், சர்க்கரையால் நேரும் ஒட்டுதலையும், பசையால் நேரும் திரட்சியையும் அச்சாறு வலுவாகத் தடுத்தது. 10 விழுக்காட்டுக் கரைசலால் வாய் கொப்பளித்தபோது உமிழ்நீரில் நுண்ணுயிர் எண்ணிக்கையும் சர்க்கரைச் சிதைவும் குறைந்தன.

இதன் காரணமும் முன்னர்ச் சொன்ன புரதப் பிணைப்போடு தொடர்புடையதே. பசையை ஆக்குவது ஒரு நொதி. நொதி என்பது புரதம். புரதத்தைப் பற்றும் டானின், அந்நொதியையும் பற்றிச் செயலிழக்கச் செய்ய வல்லது. கடுக்காயின் தாவரப் பெயரைத் தழுவியே செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் எனப் பெயர் பெற்ற பொருட்கள் அதன் துவர்ப்பில் பெரும்பங்கு வகிப்பன. நெல்லி, மாதுளைத் தோல், மங்குசுத்தான் தோல் ஆகியவற்றின் சாறுகளும் வாய் நுண்ணுயிர்களுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் பயன் காட்டியுள்ளன. குளோரெக்சிடின் என்னும் மருந்து கலந்த வாய்நீரோடு திரிபலைக் கொப்பளிப்பை ஒப்பிட்ட இந்திய ஆய்வுகள் பல, இரண்டும் பற்படலத்தைக் குறைத்தன எனக் கண்டன. இவற்றுட் பல, சிலரைக் கொண்டு சில வாரங்களே நடந்தவை. நம்பிக்கை தரும் தொடக்கம் என இவற்றைக் கொள்வது தகும். முடிந்த முடிபு எனக் கொள்வது தகாது.

மலையகமும் தகடூரும்

முன்னோர் வழக்கமே வாய் நலனைக் காத்தது எனக் கூறுவோர் கருத வேண்டிய சான்றுகள் இரண்டு.

முதலாவது இலங்கை மலையகத்தைச் சார்ந்தது. பற்படலம் படிந்தால் ஈறு வீங்கும், துலக்கினால் தணியும் என்பதை 1965இல் டென்மார்க்கில் 12 பேரைக் கொண்டு மெய்ப்பித்தவர் ஹரால்ட் லோ. அவரும் துணைவரும் 1970 முதல் 1985 வரை, தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் உழைத்த 480 தமிழ் ஆடவரைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்க்குப் பல்மருத்துவ வசதி இல்லை. தூரிகையால் பல் துலக்கும் வழக்கமும் இல்லை. சொத்தை ஏறத்தாழ இல்லாதிருந்தும் ஈறுநோய் பரவியிருந்தது. 8 விழுக்காட்டினர்க்கு நோய் விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினர்க்கு மெல்ல வளர்ந்தது. 11 விழுக்காட்டினர்க்கு ஈறு வீக்கத்திற்கு மேல் வளரவில்லை. மருத்துவம் எட்டாத வாய்களில் நோய் தன் இயல்பில் எவ்வாறு செல்லும் என்பதை உலகப் பல்மருத்துவம் கற்ற பாடங்களுள் இது தலையாயது. அப்பாடத்தை உலகுக்குத் தந்தவை கொழுந்து மணக்கும் மலையில் கூலிக்கு உழைத்தவரின் வாய்கள் என்பது மறக்கத்தக்கதன்று.

இரண்டாவது, நெல்லியால் புகழ்பெற்ற தகடூர். இன்றைய தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் பலவிடங்களில் புளோரைடு மிகுதி. சிறு அளவில் பல்லைக் காக்கும் அப்பொருள், குழந்தைப் பருவத்தில் மிகுந்தால் முளைக்கும் பல்லில் பழுப்புக் கறையாக நின்றுவிடும். எக்கனிச் சாறும் அக்கறையை மாற்றாது. காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது இக்கேட்டைக் குறைத்தற்பொருட்டே. வாய் நலன் காயால் மட்டும் அமைவதன்று. நீராலும் கூலியாலும் மருத்துவ வசதியாலும் அமைவது.

பாக்கு தரும் பாடம்

துவர்ப்பின் வரலாற்றில் மிகக் கசப்பான பக்கம் பாக்கு. மதுரை ஆயர் சேரியில் கோவலனுக்கு இறுதி அமுது படைத்த கண்ணகி, உண்டபின் அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளிக்கிறாள். விருந்து, மணம், வழிபாடு என எதிலும் தாம்பூலம் இல்லாத தமிழ் வாழ்வு இல்லை. பாக்கிலும் டானின் மிகுதி. அதன் சாறும் வாய் நுண்ணுயிர் சிலவற்றை ஆய்வுக்கூடத்தில் தடுக்கவே செய்கிறது. ஆனால் அரெகோலின் முதலிய அதன் பொருட்கள் வாயின் உட்தோலை இறுகச் செய்து, வாயைத் திறக்கவும் இயலாத நோய்க்கும் அதன்வழிப் புற்றுக்கும் இட்டுச்செல்கின்றன. புகையிலை சேராத பாக்கும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பதே என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது.

கடுக்காயும் பாக்கும் நாவுக்கு ஒரே இனம், இரண்டும் துவர்ப்பன. இரண்டும் பழமையுடையன, இரண்டும் இலக்கியச் சான்று பெற்றன. கண்ணாடித் தட்டில் இரண்டுமே தேறின. நெடுநாள் மென்ற மனித வாயில் பாக்கு தோற்றது. ஆகவே பழமையோ பாட்டோ நாவோ ஆய்வுக்கூடத் தட்டோ தனித்து நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதியுடையன அல்ல. பயன்படுத்தியோர் வாழ்வைப் பல்லாண்டு நோக்கிப் பெறும் சான்றே முடிவானது.

சொல்லாராய்ச்சியின் பங்கு

இத்துறையில் தமிழ் பயின்றோர்க்குப் பணி இல்லை என எண்ணுதல் தவறு. ஆய்வாளர் ஒரு காயைச் சோதிக்கு முன் அது எந்தக் காய் என்பதை முடிவு செய்தாக வேண்டும். ஆலையும் வேலையும் பல்லுக்கு உரியனவாகக் கூறும் பழமொழியில் வேல் என்பது கருவேலமரம். அதனை வேம்பு எனக் கொள்வோர் பலர். பிற்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்து ஏரிகளையும் தரிசுகளையும் மூடிய சீமைக் கருவேலத்தை அம்மரமாக மயங்குவோரும் உளர். நெல்லி என்றால் பெருநெல்லியா, அருநெல்லியா, கீழாநெல்லியா என்னும் வினா எழும். மூன்றும் வெவ்வேறு தாவரங்கள். கடுக்காயில் சதையைக் கொண்டு கொட்டையை நீக்குக என்பது மருத்துவ மரபின் விதி. அதனை அறியாது முழுக்காயை அரைத்துச் சோதித்தால், கிடைக்கும் முடிவு மரபு சொன்ன மருந்தைப் பற்றியதாகாது.

தஞ்சைச் சரசுவதி மகாலிலும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் மருத்துவச் சுவடிகள் பல உள்ளன. அவற்றின் சொற்களைப் பிழையறப் படித்து, மரத்தையும் பகுதியையும் அளவையும் பக்குவத்தையும் ஐயமற எடுத்துரைப்பது சொல்லறிந்தார் கடமை. உ.வே.சா. பதிப்புகளில் பாடவேறுபாட்டுக்குக் காட்டிய அதே கண்டிப்பு, மருந்துப் பெயருக்கும் வேண்டும். ஒரு சொல் பிழைத்தால் பாட்டில் பொருள் கெடும். சுவடியில் உடல் கெடும்.

பாவலர்க்கும் ஒரு பங்கு உண்டு. இனிப்பு ஒன்றே சுவையெனப் பழகி வளரும் இன்றைய பிள்ளைகளுக்குத் துவர்ப்பு என்னும் சொல் பாடநூலில் மனப்பாடம் செய்யும் ஆறாவது சொல்லாகச் சுருங்கி வருகிறது. பல்லைச் சொத்தையாக்கும் உயிருக்கு மிக வேண்டிய உணவும் அவ்வினிப்பே. நெல்லியைத் தின்று நீரருந்தி வியக்கும் நாவினை மீண்டும் பாட்டுக்குள் கொண்டுவருதல் பாவலரால் இயலும். அந்நெல்லி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மிகையின்றிச் சொல்லுதல் ஆய்வாளரால் இயலும். இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று மறைக்காமல் நடத்தலே முன்னோர் பட்டறிவுக்குச் செய்யத்தக்க நன்றியாகும்.